வீட்ல உய்ரோ செய்றது எப்படி: மாவு வாங்குறதுலேர்ந்து துண்டு போடுற வரைக்கும்

ஜப்பான் ஸ்வீட்னு சொன்னா நம்மாளுங்களுக்கு மோச்சி மட்டும் தான் ஞாபகம் வரும், இழுத்தா ரப்பர் மாதிரி நீளுமே, வீடியோல பார்த்திருப்பீங்க. ஆனா நான் இருக்குற நகோயா பக்கம் ஸ்டேஷன்ல எந்த ஸ்வீட் கடைக்குள்ள போனாலும் முதல்ல கண்ணுல படுறது உய்ரோ தான், பார் சோப்பு மாதிரி நீட்டு நீட்டா அடுக்கி வச்சிருப்பாங்க, வெள்ளை, கறுப்பு, பச்சை, ரோஸ்னு கலர் கலரா. முதல் தடவை வாங்கி கடிச்சப்போ "என்ன இது, பூரணம் வைக்க மறந்த கொழுக்கட்டை மாதிரி இருக்கு"ன்னு தான் தோணுச்சு. ரெண்டு மூணு தடவை சாப்பிட்ட அப்புறம் தான் பிடிபட்டுச்சு. இதுல நெய் கிடையாது, பால் கிடையாது, வாசனைக்குன்னு ஏலக்காய் மாதிரி எதுவும் கிடையாது, அரிசி மாவு, சர்க்கரை, தண்ணி, ஆவி, அவ்ளோ தான், அதனால அரிசியோட ருசி எதுலயும் ஒளியாம நேரா நாக்குக்கு வரும்.

மூணே பொருள் தானேன்னு நானும் தைரியமா இறங்கினேன், வரிசையா மூணு தடவை சொதப்பினேன். முதல் தடவை அடியில கல்லு மேல கூழுன்னு ரெண்டு லேயரா வந்துச்சு. ரெண்டாவது தடவை சர்க்கரைய பாதியா குறைச்சேன், ராத்திரி சாஃப்டா இருந்தது காலைல செங்கல். மூணாவது தடவை எல்லாம் சரியா வந்துச்சு, ஆனா பொறுமை இல்லாம சூட்டோட கத்திய வச்சேன், கத்தி பூரா பசை, தட்டுல ஒரு குவியல். அந்த மூணுக்கும் காரணம் என்னன்னு புரிஞ்சதுக்கு அப்புறம் ஒரு தடவை கூட தப்பல, அதனால வெறும் அளவு மட்டும் சொல்லாம ஏன் எதுக்குன்னும் சேர்த்தே எழுதுறேன், கொஞ்சம் நீளமா தான் போகும்.

முதல்ல இந்த பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு

உய்ரோங்குறது முதல்ல ஸ்வீட்டோட பேரே இல்ல, மருந்தோட பேரு. சீனாவுல யுவான் அரசாங்கம் 1368ல விழுந்தப்போ அங்க அதிகாரியா இருந்த ஒருத்தர் ஜப்பானுக்கு வந்து ஹகாதாவுல தங்கிட்டாரு, ஜப்பான்காரங்க அவர் பேர சின் என்யூன்னு சொல்றாங்க. அவரோட பதவிப் பேர ஜப்பான்ல உய்ரோன்னு படிச்சாங்க, அதுவே குடும்பப் பேரா நின்னுடுச்சு. அவர் பையன் காலத்துல குடும்பம் கியோட்டோவுக்கு போச்சு, அவங்க செஞ்ச மாத்திரை அரண்மனை வரைக்கும் ஃபேமஸ் ஆச்சு, அந்த மாத்திரையையும் ஜனங்க உய்ரோன்னே கூப்பிட ஆரம்பிச்சாங்க. அப்போ ஸ்வீட்டுக்கு எப்படி அந்த பேரு? ரெண்டு கதை சொல்றாங்க. மருந்து கலரும் அந்த காலத்து கறுப்பு சர்க்கரை ஸ்வீட் கலரும் ஒண்ணு மாதிரி இருந்துச்சுங்குறது ஒண்ணு, கசப்பு மருந்து சாப்பிட்டவங்களுக்கு வாய் மாத்திக்க இத குடுத்தாங்கங்குறது இன்னொண்ணு. எனக்கு ரெண்டாவது தான் பிடிச்சிருக்கு, நம்ம வீட்ல கஷாயம் குடிச்சதும் ஒரு சிட்டிகை சர்க்கரை வாயில போடுவாங்கல்ல, அதே தான்.

1504ல அந்த குடும்பத்துல ஒரு கிளை ஓடவாராவுக்கு குடி போச்சு, இன்னிக்கும் அவங்க கடை அங்க இருக்கு, ஒரே கூரைக்கு கீழ மருந்தும் விக்குறாங்க ஸ்வீட்டும் விக்குறாங்க. இந்த மருந்து விக்கிறவரோட கேரக்டர வச்சு 1718ல கபூகிங்குற ஜப்பான் நாடக மேடையில ரெண்டாவது இச்சிகாவா தஞ்சூரோங்குற நடிகர் ஒரு நீளமான வசனம் பேசினாரு, மூச்சு விடாம நாக்கு சுளுக்குற மாதிரி போகும், இப்போ கூட டிவி அனவுன்சர் ஆகணும்னு ட்ரெய்னிங் எடுக்குறவங்க அத தான் மனப்பாடம் பண்ணி ப்ராக்டிஸ் பண்றாங்க. ஆனா அதுல வர்றது மருந்து தான், ஸ்வீட் இல்ல.

இது எப்படி நகோயா ஸ்பெஷல் ஆச்சுன்னா, இங்க 1659லேர்ந்தே செய்றோம்னு சொல்ற மோச்சிபுன் கடை இருக்கு, 1879ல ஆரம்பிச்ச ஆவோயாகி கடை இருக்கு. 1964ல டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவுல ஷின்கான்சென், அதான் புல்லட் ட்ரெயின், ஓட ஆரம்பிச்சுது, ஆவோயாகி உய்ரோவ ட்ரெயினுக்குள்ளயே வித்தாங்க, அப்புறம் நாடு முழுக்க "நகோயான்னா உய்ரோ"ன்னு ஆயிடுச்சு. நம்மூர்ல மணப்பாறை முறுக்கு, கடம்பூர் போளி எல்லாம் ரயிலால பேரு வாங்கின மாதிரி தான்.

ஊருக்கு ஊர் இது மாறும். யாமகுச்சில அரிசி மாவுக்கு பதிலா வராபின்னு ஒரு காட்டுச் செடியோட வேர்லேர்ந்து எடுக்குற ஸ்டார்ச்ல செய்றாங்க, அது தொட்டா குலுங்கும், வாயில வச்சா கரையும், நான் நகோயாவுல இருந்துக்கிட்டு இத சொல்லக்கூடாது, ஆனா யாமகுச்சி உய்ரோ ஒரு படி மேல. இசே பக்கம் கோதுமை மாவுல செய்றாங்க. தோகுஷிமால அந்த ஊரு வசம்போன்னு ஒரு நைசான சர்க்கரையும் பயறு விழுதும் சேர்த்து செய்றாங்க, அங்க பழைய கணக்குல மூணாம் மாசம் மூணாம் தேதி வர்ற பெண் குழந்தைங்க பண்டிகைக்கு இது கண்டிப்பா உண்டு. கியோட்டோவுல மேல சிவப்பு பயறு போட்டு முக்கோணமா வெட்டுவாங்க, அது பேரு மினாஸுகி, அதோட செய்முறையும் கீழ இருக்கு.

மாவு

இங்க தான் பாதி பேரு தப்பு பண்றாங்க. ஜப்பான் கடையில அரிசி மாவு வரிசைக்கு போனீங்கன்னா மூணு நாலு வெள்ளை பேக்கெட் ஒரே மாதிரி இருக்கும். உங்களுக்கு வேண்டியது ஜோஷின்கோ. தினமும் சோறு ஆக்குற சாதாரண அரிசிய கழுவி, காய வச்சு, அரைச்சு சலிச்ச மாவு அது. ஷிராதமாகோன்னு ஒண்ணு இருக்கும், பொடியா இல்லாம சின்னச் சின்ன கட்டியா நொறுங்கின சாக்பீஸ் மாதிரி இருக்கும், அது பசை அரிசிய தண்ணி விட்டு அரைச்சு காய வச்சது. மோச்சிகோவும் பசை அரிசி தான். பசை அரிசி மாவு மட்டும் போட்டீங்கன்னா அது மோச்சி ஆயிடும், இழுபடும். உய்ரோவ கடிச்சா "டப்"னு அறுபடணும், இழுபடக்கூடாது, ஆனா கொஞ்சம் எதிர்ப்பு குடுக்கணும். அதனால ஜோஷின்கோ முக்கால்வாசிக்கு மேல, ஷிராதமாகோ கொஞ்சம், இது தான் என் கணக்கு. ஜோஷின்கோ மட்டும் போட்டும் செய்யலாம், பக்கத்து வீட்டு பாட்டி அப்படி தான் செய்வாங்க, நல்லா தான் இருக்கும், ஆனா மறுநாள் சீக்கிரம் இறுகிடும்.

இந்த ஜோஷின்கோ எனக்கு பிள்ளையார் சதுர்த்தில அறிமுகம் ஆனது, இங்க கொழுக்கட்டைக்கு மாவு தேடி அலைஞ்சு கடைசில இது தான் கை குடுத்துச்சு. அப்போ ஊர்ல இருக்குறவங்க பச்சரிசி மாவுல உய்ரோ செய்யலாமான்னு கேட்டா, செய்யலாம், ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, பேக்கெட்ல வர்ற இடியாப்ப மாவு நிறைய வறுத்தது, அந்த வறுத்த வாசனை வந்துடும், வறுக்காத மாவா பாருங்க, இல்லன்னா பச்சரிசிய ரெண்டு மணி நேரம் ஊற வச்சு, வடிகட்டி, துணியில நிழல்ல உலர்த்தி, அரைச்சு நைஸ் சல்லடைல சலிச்சுக்கோங்க. ரெண்டு, ஜப்பான் அரிசி குட்டையா பசையா இருக்கும், நம்ம பச்சரிசி அந்த அளவு ஒட்டாது, அதனால ஆறினதும் சீக்கிரம் இறுகும். ஏசியன் கடைல தாய்லாந்து பசை அரிசி மாவு கிடைக்கும், அத கால்வாசி கலந்துடுங்க, சரியா வரும்.

அளவு

15 சென்டிமீட்டர் சதுர டின் ஒண்ணுக்கு இது. ஜோஷின்கோ 120 கிராம், ஷிராதமாகோ 30 கிராம், சர்க்கரை 150 கிராம், தண்ணி 400 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. தராசு இல்லாம டம்ளர் கணக்குல செய்யாதீங்க ப்ளீஸ், ஒரே டம்ளர்ல மாவ அமுக்கி அளந்தா ஒரு எடை, லேசா அள்ளினா ஒரு எடை, இதுல தண்ணி கொஞ்சம் மாறினாலே பதம் மாறிடும்.

150 கிராம் சர்க்கரையான்னு கண்ண விரிக்காதீங்க. என் ரெண்டாவது சொதப்பல் இதுல தான். ஹெல்தியா செய்றேன்னு 75 கிராம் போட்டேன். இதுல சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்ல. வெந்த அரிசி மாவு ஆற ஆற உள்ள இருக்குற தண்ணிய விட்டுட்டு திரும்ப இறுகப் பார்க்கும், பழைய சோறு விறைச்சுப் போகுதுல்ல, அதே விஷயம். சர்க்கரை அந்த தண்ணிய பிடிச்சு வச்சுக்கும், இறுக விடாது. மாவும் சர்க்கரையும் சம எடைல இருந்தா மறுநாளும் சாஃப்டா இருக்கும். உங்களுக்கு இனிப்பு ரொம்ப ஆகாதுன்னா 120 வரைக்கும் இறங்கலாம், அதுக்கு கீழ போனா சுட சுட இல்லனாலும் செஞ்ச அன்னிக்கே சாப்பிட்டு முடிச்சுடணும். சாப்பிடும்போது நீங்க நினைக்குற அளவு திகட்டாது, ஆறின பண்டத்துல இனிப்பு மட்டா தான் தெரியும்.

பாத்திரம்

ஜப்பான்ல நகாஷிகான்னு ஒரு டின் விக்குறாங்க, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உள்ள இன்னொரு தட்டு தூக்கி எடுக்குற மாதிரி இருக்கும், அது இருந்தா ராஜா. இல்லன்னா கேக் டின், டிபன் பாக்ஸ், கண்ணாடி டப்பா, எதுனாலும் ஓகே, உள்ள பட்டர் பேப்பர் ரெண்டு பக்கமும் வெளிய தொங்குற மாதிரி போடுங்க. எண்ணெய் தடவாதீங்க, வாசனை தனியா தெரியும், வேணும்னா தண்ணில நனைச்சு உதறிட்டு ஊத்துங்க. ஆவிக்கு செய்ரோன்னு சொல்ற மூங்கில் ஸ்டீமர் தான் பெஸ்ட், மூங்கில் மூடி ஆவிய இழுத்துக்கும், சொட்டாது. ஸ்டீல் பாத்திரமோ இட்லி பானையோ தான் இருக்குன்னா மூடிய ஒரு வெள்ளை துணில சுத்தி மேல முடிச்சு போடுங்க, முனை அடுப்புல தொங்காம பார்த்துக்கோங்க. இத ஸ்கிப் பண்ணா மூடிலேர்ந்து சொட்டு சொட்டா விழுந்து மேல அம்மை தழும்பு மாதிரி குழி குழியா வரும்.

இப்போ செய்முறை

ஆரம்பிக்கும்போதே பானையில நிறைய தண்ணி வச்சு கொதிக்க விட்டுடுங்க, பக்கத்துல கெட்டில்ல வெந்நீரும் ரெடியா இருக்கட்டும். நடுவுல தண்ணி குறைஞ்சா பச்சத் தண்ணி ஊத்துனா ஆவி நின்னுடும், வெந்நீர் தான் ஊத்தணும்.

ஒரு பாத்திரத்துல ஷிராதமாகோவ மட்டும் முதல்ல போட்டு, 400 மில்லில ஒரு அஞ்சு ஸ்பூன் தண்ணி எடுத்து ஊத்தி, அஞ்சு நிமிஷம் விட்டுடுங்க. அது கட்டியா இருக்குறதால நேரா எல்லாத்தோடயும் கலந்தா குட்டி குட்டி முத்தா கடைசி வரைக்கும் நிக்கும். ஊறினதும் விரலால நசுக்கினா கரைஞ்சு க்ரீம் மாதிரி ஆகும். அதுல ஜோஷின்கோ, சர்க்கரை, உப்பு போட்டு மீதி தண்ணிய மூணு நாலு தடவையா ஊத்தி விஸ்க்கால கலக்குங்க. பார்க்க பால் மாதிரி தண்ணியா இருக்கும், "ஐயோ தண்ணி ஜாஸ்தி ஆயிடுச்சே"ன்னு மாவ அள்ளி போட்டுடாதீங்க, அப்படி தான் இருக்கணும். சல்லடைல ஒரு தடவை வடிகட்டிடுங்க. டைம் இருந்தா அரை மணி நேரம் அப்படியே வைங்க, மாவு தண்ணி குடிக்கும், வெந்ததும் நறநறன்னு இருக்காது.

அடுத்தது தான் என் முதல் சொதப்பலுக்கு மருந்து. அரிசி மாவு தண்ணில கரையாது, மிதந்துக்கிட்டு தான் இருக்கும், அஞ்சு நிமிஷம் சும்மா விட்டா அடியில போய் படிஞ்சுடும். டின்ல ஊத்தி ஆவில வச்சா வேகுறதுக்கு முன்னாடியே அது கீழ இறங்கிடும், அதனால தான் அடியில கல்லும் மேல கூழும். இதுக்கு என்ன பண்ணனும்னா, கரைச்சத அடி கனமான பாத்திரத்துல ஊத்தி சின்ன தீயில வச்சு சிலிக்கான் கரண்டியால அடி பிடிக்காம கிளறிக்கிட்டே இருக்கணும். ஒரு மூணு நாலு நிமிஷம் ஒண்ணுமே நடக்காது, அப்புறம் திடீர்னு கரண்டி கொஞ்சம் கனமாகும், அடியில லேசா வழுவழுன்னு கட்டும். அந்த நிமிஷம் அடுப்புலேர்ந்து இறக்கிடுங்க, இறக்கின சூட்டுலயே வேகமா அடிச்சு கலக்குங்க. அரிசி மாவுல இருக்குற ஸ்டார்ச் 60 டிகிரிய தாண்டும்போது தண்ணிய இழுத்து ஊத ஆரம்பிக்கும், நமக்கு அது முழுசா ஊத வேண்டாம், ஆரம்பிச்சா போதும். பதம் எப்படின்னா கைக்குழந்தைக்கு குடுக்குற கஞ்சி மாதிரி, கரண்டிய தூக்கினா ஓடணும், ஆனா கரண்டில ஒரு பூச்சு நிக்கணும். தப்பித்தவறி கொழுக்கட்டை மாவு பதத்துக்கு கெட்டியாயிடுச்சுன்னா அத டின்ல தட்டையா பரப்பவே முடியாது, மேல மேடு பள்ளமா வரும், ருசி ஒண்ணும் கெடாது, ஆனா வெட்டினா அழகா இருக்காது.

கட்டி ஏதாவது இருந்தா மறுபடி சல்லடைல விட்டு டின்ல ஊத்துங்க, டின்ன மேடைல ரெண்டு தட்டு தட்டுங்க, காத்து குமிழி எல்லாம் மேல வந்து உடையும். ஆவி நல்லா புஸ்ஸுன்னு வந்ததுக்கு அப்புறம் தான் உள்ள வைக்கணும். பெரிய தீ, 35 நிமிஷம். 20 நிமிஷத்துல ஒரு தடவை தண்ணி இருக்கான்னு பாருங்க, பானை அடியில ஒரு காசு போட்டு வச்சா தண்ணி இருக்குற வரைக்கும் கடகடன்னு சத்தம் கேக்கும், சத்தம் மாறினா வெந்நீர் ஊத்த டைம் ஆச்சுன்னு அர்த்தம், மூடிய திறந்து திறந்து பார்க்க வேண்டாம்.

வெந்துடுச்சான்னு எப்படி தெரியும்? கலர பாருங்க. பச்சையா இருக்கும்போது சுண்ணாம்பு மாதிரி கெட்டி வெள்ளை, வெந்ததும் லேசா கண்ணாடித்தனம் வரும், நுங்கு மாதிரி ஒரு மங்கல். நடுவுல ஒரு குச்சிய விட்டு எடுத்தா வெள்ளையா பால் மாதிரி ஒழுகக்கூடாது. ஆனா குச்சில பசை ஒட்டும், அது ஒட்டத்தான் செய்யும், சூடா இருக்குறப்போ தொட்டா கொழகொழன்னு தான் இருக்கும், அத பார்த்து வேகலன்னு நினைச்சு இன்னும் அரை மணி நேரம் வைக்குறவங்க நிறைய பேர். கலர் மாறிடுச்சா, குச்சில பால் இல்லையா, இறக்கிடுங்க.

ஆற வைக்கிறது

வெளிய எடுத்ததும் மேல தண்ணி நின்னா டிஷ்யூவால ஒத்தி எடுங்க. பத்து நிமிஷம் கழிச்சு க்ளிங் ராப்ப மேல ஒட்டுற மாதிரி மூடிடுங்க, இல்லன்னா மேல ஏடு கட்டி காஞ்சுடும். அப்புறம் மூணு மணி நேரம் அந்த பக்கமே போகாதீங்க. நிஜமா சொல்றேன். சூட்டுல அது இன்னும் பசை, ஆற ஆற தான் அந்த "டப்"னு அறுபடுற பதத்துக்கு வரும். என் மூணாவது தடவை நான் முக்கால் மணி நேரத்துல கத்திய வச்சேன், அதுக்கு தான் அந்த குவியல், வீட்ல ஸ்பூனால அள்ளி சாப்பிட்டோம், "அல்வா நல்லாருக்கு"ன்னு வேற சொன்னாங்க.

சீக்கிரம் ஆறட்டும்னு ஃப்ரிட்ஜ்லயும் வைக்காதீங்க. வெந்த ஸ்டார்ச் ரொம்ப வேகமா இறுகுறது ஃப்ரிட்ஜ் குளிர்ல தான், ஃப்ரீஸர்ல கூட இல்ல. அவசரம்னா டின்ன ஒரு தட்டுத் தண்ணில வச்சு ஆத்தலாம், அது பரவாயில்ல.

முழுசா ஆறினதும் பட்டர் பேப்பரோட தூக்கி பலகைல கவுத்து, பேப்பர மெதுவா உரிங்க. கத்திய தண்ணில நனைச்சு ஒரே அழுத்தா மேலேர்ந்து கீழ அழுத்துங்க, ரம்பம் மாதிரி அறுக்காதீங்க, ஒவ்வொரு வெட்டுக்கும் துடைச்சு நனைச்சுக்கோங்க. நூல் இருந்தா இன்னும் சுத்தமா வரும். ரெண்டு சென்டிமீட்டர் தடிமன்ல வெட்டினா கடிக்க சரியா இருக்கும், மெல்லிசா வெட்டினா இதுல சுகமே இல்ல.

கலரும் ருசியும்

வெள்ளை உய்ரோ வந்துடுச்சுன்னா மத்ததெல்லாம் சும்மா மாத்தி மாத்தி செய்றது தான். கறுப்புக்கு ஒகினாவா கறுப்பு சர்க்கரை போடுவாங்க, நம்ம நாட்டுச் சர்க்கரை அதுக்கு ரொம்ப கிட்ட வரும், அதே 150 கிராம், ஆனா முதல்ல தண்ணில கரைச்சு வடிகட்டிட்டு ஆறினதும் மாவுல ஊத்துங்க, சூடா ஊத்தினா கட்டி தட்டிடும். எனக்கு எல்லாத்துலயும் இது தான் ஃபேவரைட். பச்சைக்கு மாச்சா, அதான் கிரீன் டீ பொடி, ரெண்டு டீஸ்பூன், அத நேரா தண்ணில போட்டா மிதந்து கட்டி கட்டும், சர்க்கரையோட கைல நல்லா கலந்துட்டு போடுங்க. வசந்த காலத்துல உப்புல ஊறப்போட்ட சகுரா (செர்ரி மரம்) இலைய நறுக்கி போட்டு ரோஸ் கலர்ல செய்வாங்க, அந்த இலையோட வாசனை சிலருக்கு பிடிக்கும், எங்க வீட்ல யாருக்கும் பிடிக்கல.

மினாஸுகி

இது தனியா சொல்ல வேண்டியது. மினாஸுகின்னா பழைய காலண்டர்ல ஆறாவது மாசத்தோட பேரு. கியோட்டோவுல ஜூன் 30ம் தேதி, வருஷத்துல பாதி முடியுற நாள், கோயில்ல புல்லால பெரிய வளையம் கட்டி வச்சிருப்பாங்க, அதுக்குள்ள நுழைஞ்சு வெளிய வந்தா அரை வருஷத்து அழுக்கெல்லாம் போயிடும்னு நம்பிக்கை, அன்னிக்கு இந்த ஸ்வீட்ட சாப்பிடுவாங்க. முக்கோணம் எதுக்குன்னா அது ஐஸ்கட்டியாம். அந்த காலத்துல குளிர்காலத்து ஐஸ மலைல குழி மாதிரி அறை கட்டி பாதுகாத்து வச்சு, வெயில் காலம் வந்ததும் எடுத்து அரண்மனைல சாப்பிடுவாங்க, சாதாரண ஜனங்களுக்கு ஐஸ் எங்க கிடைக்கும், அதனால ஐஸ் துண்டு மாதிரி வெள்ளையா முக்கோணமா ஸ்வீட் செஞ்சு சாப்பிட்டாங்கன்னு சொல்றாங்க. மேல போடுற சிவப்பு பயறு கெட்டத விரட்டுறதுக்கு. கியோட்டோ ஜூன் மாச புழுக்கத்துல ஒரு தடவை நின்னு பார்த்தீங்கன்னா ஐஸ் மேல ஏன் இவ்ளோ ஏக்கம்னு உடனே புரிஞ்சுடும்.

பயறுக்கு அசுகிங்குற ஜப்பான் சிவப்பு பயறு 100 கிராம். ஊற வைக்க வேண்டாம், கழுவி கொதிக்க விட்டு அஞ்சு நிமிஷத்துல அந்த தண்ணிய கொட்டிடுங்க, துவர்ப்பு போயிடும். புது தண்ணி ஊத்தி சின்ன தீயில ஒரு மணி நேரம் கிட்ட வேக விடுங்க, ரெண்டு விரல்ல அமுக்கினா நசுங்கணும். அதுக்கு அப்புறம் தான் சர்க்கரை 80 கிராம், ரெண்டு தடவையா. முன்னாடியே சர்க்கரைய போட்டா பயறு அதுக்கு மேல வேகவே வேகாது. அசுகி கிடைக்கலன்னா சிவப்பு காராமணி போடலாம், ஜப்பான்லயே பண்டிகைக்கு செய்ற சிவப்பு சோத்துக்கு சில ஊர்ல அசுகிக்கு பதிலா காராமணி தான் போடுறாங்க. கடைசில ஈரம் இல்லாம நல்லா வடிகட்டி வைங்க.

மேல சொன்ன அதே வெள்ளை மாவு தான். அடுப்புல லேசா கெட்டியாக்கினதும் ஒரு பெரிய கரண்டி, சுமார் 100 மில்லி, தனியா எடுத்து மூடி வச்சுடுங்க. மீதிய டின்ல ஊத்தி 25 நிமிஷம் ஆவில வைங்க. வெளிய எடுத்து மேல இருக்குற தண்ணிய நல்லா ஒத்தி எடுங்க, இது முக்கியம், ஈரம் இருந்தா பயறு லேயர் வெட்டும்போது தகடு மாதிரி தனியா கழண்டு வரும். பயற இடைவெளி இல்லாம பரப்பி, எடுத்து வச்ச மாவ கலக்கி மேல மெல்லிசா ஊத்துங்க, அது தான் பயற ஒட்ட வைக்குற பசை. இன்னும் 15 நிமிஷம் ஆவி. ஆறினதும் நாலு சதுரமா வெட்டி ஒவ்வொண்ணையும் குறுக்க வெட்டினா எட்டு முக்கோணம்.

மைக்ரோவேவ்ல வருமா

வரும், ஜப்பான்ல நிறைய வீட்ல இப்போ அப்படி தான் செய்றாங்க. பாதி அளவு எடுத்துக்கோங்க. 600 வாட்ல ரெண்டு நிமிஷம், வெளிய எடுத்து அடிச்சு கலக்குங்க, இன்னொரு நிமிஷம், மறுபடி கலக்குங்க, கஞ்சி பதம் வந்திருக்கும். அத கண்ணாடி டப்பால ஊத்தி லேசா மூடி இன்னும் மூணு நாலு நிமிஷம், கலர் பார்த்து நிறுத்துங்க, மெஷினுக்கு மெஷின் மாறும். டேஸ்ட் கிட்டத்தட்ட அதே தான், ஆனா ஓரம் கொஞ்சம் ரப்பராகும், மறுநாள் வரைக்கும் தாங்காது. திடீர்னு ஆசை வந்த ராத்திரி பத்து மணிக்கு இது, யாருக்காவது எடுத்துட்டு போகணும்னா ஆவி தான்.

வச்சு சாப்பிடுறது

செஞ்ச அன்னிக்கு சாப்பிடுறது தான் உச்சம். வெளிய குளிரா இருந்தா ஒவ்வொரு துண்டா க்ளிங் ராப்ல சுத்தி ரூம்லயே வச்சு மறுநாள் சாப்பிடலாம், நம்மூர் வெயில்ல அந்த ரிஸ்க் எடுக்காதீங்க. கடையில வாங்குறது மட்டும் எப்படி ரொம்ப நாள் இருக்குன்னா அது காத்து புகாத கவர்ல சீல் பண்ணி சூடு காட்டினது, வீட்டு உய்ரோவ அதோட கம்பேர் பண்ணாதீங்க. நிறைய செஞ்சுட்டீங்கன்னா ஆறின உடனே சுத்தி ஃப்ரீஸர்ல போடுங்க, வேணும்போது வெளிய வச்சா ஒரு ரெண்டு மணி நேரத்துல பழைய மாதிரி ஆயிடும். இறுகினத பத்து இருபது செகண்ட் மைக்ரோவேவ்ல வச்சா சாஃப்டாகும், ஆனா சூட்டுல மறுபடி பசையாகும், ஆற விட்டு சாப்பிடுங்க.

சர்க்கரை போடாத கிரீன் டீயோட தான் இங்க குடுப்பாங்க, பால் விடாத ஸ்ட்ராங் காபியும் எனக்கு ஓகே. ரெண்டு நாள் ஆகி ஓரமெல்லாம் விறைச்சுப் போன துண்டு இருந்தா தூக்கி போட்டுடாதீங்க, தோசைக்கல்ல ஒரு பொட்டு வெண்ணெய் விட்டு ரெண்டு பக்கமும் பொன்னிறமா சுடுங்க, மேல மொறுமொறுன்னு உள்ள திரும்ப இளகி வரும், அதுலயும் கறுப்பு சர்க்கரை துண்டா இருந்தா சர்க்கரை லேசா உருகி ஓரத்துல காரமெல் மாதிரி பிடிக்கும், எங்க வீட்ல இப்போ அதுக்காகவே நாலு துண்டு ஒளிச்சு வைக்க வேண்டியிருக்கு.